தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில், கைப்பையில் ஒரு பாட்டில்

கடலூரிலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 36. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீர் வடிந்து, சேறு வாரி, வீட்டைக் கழுவி முடித்த வாரத்தில் சளி பிடித்திருக்கிறது. மூக்கு அடைத்துத் தூங்க முடியவில்லை என்று மெடிக்கலில் கேட்டதும் ஒரு ஸ்பிரே கொடுத்தார்கள். அடித்த சில நிமிடங்களில் மூக்கு திறந்துவிட்டது. சளி ஒரு வாரத்தில் போனது, ஸ்பிரே மட்டும் போகவில்லை. இப்போது 11 மாதம். முதலில் இரவில் மட்டும், பிறகு காலையிலும், இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில், கைப்பையில் ஒன்று, கடையில் ஒன்று. ஒரு நாள் பஸ்ஸில் கைப்பையைத் துழாவி பாட்டில் இல்லை என்று தெரிந்ததும், ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் மூச்சு முட்டி அழுகையே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

வீட்டுக்காரர் 'நீ இதுக்கு அடிமையாயிட்ட' என்கிறாராம். மெடிக்கல் கடைக்காரர் 'மூக்குல சதை வளர்ந்திருக்கும், ஆபரேஷன் பண்ணணும்' என்கிறாராம். நடுவில் பார்த்த ஒரு டாக்டர் வேறொரு ஸ்பிரே எழுதிக் கொடுக்க, உள்ளிருந்த காகிதத்தில் ஸ்டீராய்டு என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து, பிரித்த பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி: பிரஷர் மாத்திரை சாப்பிடும் மாமியாரும் அதே பாட்டிலைத்தான் அடித்துக்கொள்கிறார், மூன்று வயதுப் பையனுக்குச் சளி பிடித்தால் அதையே லேசாக ஒரு தடவை அடித்துவிடுகிறார்.

சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

முதலில் பையன்

உங்கள் கையில் இருப்பது சைலோமெட்டாசோலின், பெரியவர்களுக்கான 0.1 சதவீதம். நீங்கள் எழுதிய லேபிள் விவரத்திலிருந்து தெரிகிறது. ஓட்ரிவின் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த மருந்து இதுதான். நாசிவியானில் இருக்கும் ஆக்ஸிமெட்டாசோலினும் இதே குடும்பம். இதைப் பையனுக்கு இனி ஒரு தடவைகூட அடிக்காதீர்கள். 0.05 சதவீதத்தில் குழந்தைகளுக்கென்று தனியாக வருகிறது, ஆனால் அதுவும் குழந்தை மருத்துவர் பார்த்து அளவு சொன்னால்தான். சின்னக் குழந்தையின் உடம்பில் இந்த மருந்து கூடிப்போனால் மூக்கோடு நிற்காது. நாடித்துடிப்பு குறையும், உடம்பு சில்லிடும், குழந்தை துவண்டு தூங்கி வழியும், மூச்சு மெதுவாகும்.

அடிப்பதைவிட எனக்குப் பெரிய பயம், அவன் எடுத்துக் குடித்துவிடுவானோ என்பதுதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2012-ல் இந்த வகை மூக்கு ஸ்பிரேக்களுக்கும் கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்துகளுக்கும் சேர்த்து எச்சரிக்கை கொடுத்தது. இவற்றில் 1 முதல் 2 மில்லி வயிற்றுக்குள் போனாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்பது அதன் சாரம். 1 மில்லி என்பது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. தலையணைக்கு அடியில் இருக்கும் பாட்டில் மூன்று வயதுப் பையனின் கைக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஏதாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

பையனுக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். மெடிக்கலில் 'சலைன் டிராப்ஸ்' என்று கேளுங்கள். ஆனால் ஒரே கம்பெனிப் பெயரில் வெறும் உப்புநீரும் வருகிறது, இந்த மருந்தும் வருகிறது. அதனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரோடு நிற்காமல், கீழே சின்ன எழுத்தில் 'சோடியம் குளோரைடு' என்று மட்டும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டில் பழைய சிரப் பாட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் மூக்குக்குள் என்ன நடக்கிறது

இப்போது உங்களிடம் வருகிறேன். மூக்கின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மடிப்பு மடிப்பாகச் சதைப்பகுதி உண்டு, டர்பினேட் என்று பெயர். அது எல்லோருக்கும் இருப்பது, உங்களுக்கு மட்டும் புதிதாக வளர்ந்ததில்லை. அதற்குள் ரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. ரத்தம் நிறைந்தால் அந்த மடிப்பு பஞ்சு நனைந்த மாதிரி உப்பி வழியை அடைக்கும், வடிந்தால் சுருங்கி வழிவிடும். நீங்கள் அடிக்கும் மருந்து அந்த ரத்தக் குழாய்களைப் பிடித்து இறுக்குகிறது. அதனால்தான் சில நிமிடங்களில் மூக்கு 'படக்'கென்று திறக்கிறது.

மருந்தின் வேகம் இறங்கியதும் இறுகிய குழாய்கள் திரும்பவும் விரிகின்றன. நாலைந்து நாளுக்கு மேல் விடாமல் அடித்தால், முன்பு இருந்ததைவிட அதிகமாகவே விரிந்து உப்புகின்றன. அதே நேரத்தில் மருந்துக்குக் குழாய்கள் பழகிப்போவதால் அதற்குக் கட்டுப்படுவதும் குறைகிறது. பத்து மணி நேரம் தாங்கிய ஒரு ஸ்பிரே ஆறு மணி நேரமாகி, பிறகு மூன்றாகும். நீங்கள் எழுதியதும் இந்தக் கணக்கைத்தான். உங்களுக்குச் சளி பிடித்து 11 மாதம் ஆகிவிட்டது. இன்று உங்கள் மூக்கை அடைப்பதில் பெரும்பங்கு அந்த ஸ்பிரேக்குத்தான் என்பது என் கணிப்பு. இதற்கு ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா என்று பெயர், மருந்தால் வந்த மூக்கடைப்பு என்று அர்த்தம். என்னிடம் வருகிறவர்களில் பலர் நோயைச் சொல்வதற்கு முன்னாலேயே பையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். விரல் பட்டுப் பட்டு லேபிள் எழுத்து அழிந்திருக்கும். உள்ளே லைட் அடித்துப் பார்த்தால் மூக்குச் சதை சிவந்து தடித்திருக்கும், தொட்டால் லேசாக ரத்தம் கசியும்.

'அடிமையாயிட்டேனா' என்று கேட்டிருந்தீர்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் சொல்கிற அர்த்தத்தில் இல்லை. மருந்துக்குப் பழகிப்போனது உங்கள் மூக்கின் உள்தோல். மூச்சு முட்டும்போது பயப்படுவது மனித இயல்பு, பஸ்ஸில் உங்களுக்கு அழுகை வந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். மனஉறுதி இல்லாததால் வந்த பிரச்சினை இல்லை இது. மூன்று நாளைக்கு மேல் அடிக்காதீர்கள் என்று பாட்டிலைக் கையில் கொடுத்த அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மருந்தையும் நான் குறை சொல்லவில்லை. மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பதற்கு முன் நாங்களே இதைப் பஞ்சில் நனைத்து வைப்போம். கடுமையான சளியில் ராத்திரித் தூக்கம் கெடும்போது மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள் அடித்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நாட்களிலும் லேபிளில் போட்டிருக்கும் தடவைக்கு மேல் கூடாது. ஆளுக்கு ஒரு பாட்டில் வேண்டும், மாமியாரும் நீங்களும் ஒரே முனையை மூக்கில் வைத்தால் ஒருவர் சளி மற்றவருக்குப் போகும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைப் பார்த்த பயம்

பயமில்லாமல் நீங்கள் தினமும் எட்டுத் தடவை அடிக்கும் மருந்துதான் உங்களைக் கஷ்டப்படுத்துகிறது, பயந்து பீரோவில் வைத்ததுதான் உங்களை வெளியே கொண்டுவரக்கூடியது. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ஸ்டீராய்டு என்றதும் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை வரும் என்று ஞாபகம் வருகிறது. மாத்திரையாகவோ ஊசியாகவோ நீண்ட நாள் போட்டால் அதெல்லாம் வரக்கூடியதுதான், உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மூக்கில் அடிப்பது அளவில் மிகச் சிறியது, மைக்ரோகிராம் கணக்கு. உங்களுக்கு எழுதிக் கொடுத்த மொமெட்டாசோனில் ரத்தத்துக்குள் போய்ச் சேர்வது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பாலும் வரும் தொல்லை மூக்கு வறண்டு லேசாக ரத்தம் எட்டிப் பார்ப்பது. அதற்கும் பாதிக் காரணம் தப்பாக அடிப்பது. கண் அழுத்தமோ கண்புரையோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மாதக்கணக்கில் போடுவதாக இருந்தால் அவர் அவ்வப்போது பார்த்துக்கொள்வார்.

இது உடனே திறக்காது. முதல் நாள் அடித்துவிட்டு 'ஒண்ணுமே கேக்கல' என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வீக்கம் முழுதாக அடங்க ஒன்றிரண்டு வாரம் தினமும் போட்டாக வேண்டும்.

அடிக்கும் முறையும் முக்கியம். தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், லேசாக முன்னால் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை, இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவில் இருக்கும் நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்கட்டும். அடிக்கும்போது மெதுவாக உறிஞ்சினால் போதும். தொண்டையில் கசப்பு இறங்கினால் மருந்து மூக்கைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். நடுத்தண்டிலேயே தினமும் பீய்ச்சினால் அங்கே புண்ணாகிப் பொருக்கு தட்டும்.

எப்படி விடுவது

ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்துவது ஒரு வழி. முடிகிறவர்கள் உண்டு, ஆனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி கடினமாக இருக்கும். காலையில் கடைக்குப் போய் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் உங்களுக்கு நான் வேறொன்றைச் சொல்வேன்: ஒரு பக்க மூக்கு முதலில்.

டாக்டரைப் பார்த்து அவர் சரி என்றதும், முதலில் ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரண்டு பக்கமும் அவர் சொன்ன அளவில் தொடங்குங்கள். ஒரு வாரம் போகட்டும். அதன் பிறகு, கொஞ்சம் நன்றாக மூச்சு வரும் பக்கத்தில் பழைய ஸ்பிரேயை அடியோடு நிறுத்துங்கள். மற்றப் பக்கத்தில் மட்டும், ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூக்கு திறந்திருந்தால் மூச்சு முட்டும் பயம் வராது, தூக்கமும் வரும். நிறுத்திய பக்கம் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் திறக்கத் தொடங்கும். அது திறந்ததும் மற்றப் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். பொங்கல் வியாபாரம் சூடுபிடிக்கும் முன்னால் இதை முடித்துவிடலாம் என்றுதான் நாள் கணக்குப் பார்த்தேன். சிலருக்கு மிகக் கஷ்டமாக இருந்தால் டாக்டர் சில நாட்களுக்கு மாத்திரை கொடுப்பார். அது அவர் உங்களைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு, நீங்களாக மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள்.

அந்த ராத்திரிகளுக்குக் கைகொடுப்பவை: தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுப்பது, படுக்கும் முன் உப்புநீர் ஸ்பிரே. மூக்கைக் கழுவிவிடும் பாட்டில் வாங்கினால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ போர்த் தண்ணீரோ நேராக மூக்குக்குள் போகக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா அரிதாக மூளையையே தாக்கிவிடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், வீக்கத்தைக் குறைக்காது. பிடிக்கிறீர்கள் என்றால் கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள், பையன் பக்கத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஆவிப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரியில் ஒரு பக்கம் அடைத்து, புரண்டு படுத்தால் மறுபக்கம் அடைப்பதைப் பார்த்து 'மறுபடி ஆரம்பிச்சிடுச்சு' என்று பயப்படாதீர்கள். எல்லோருக்கும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு பக்கமும் முறை மாற்றிக்கொண்டு லேசாக அடைத்துத் திறக்கும், எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறோமோ அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக அடைக்கும். ஆரோக்கியமான மூக்கும் இதைச் செய்கிறது. நடுவில் ஒரு ராத்திரி தாங்க முடியாமல் அடித்துவிட்டால், அன்றோடு எல்லாம் பாழ் என்று நினைக்க வேண்டாம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

ஆபரேஷன், அப்புறம் உங்கள் வீட்டுச் சுவர்

சதை வளர்ச்சி என்று நம் ஊரில் சொல்வது இரண்டு வேறு விஷயங்களை. ஒன்று மேலே சொன்ன டர்பினேட் வீக்கம். இன்னொன்று பாலிப், உரித்த திராட்சை மாதிரி வெளிறித் தொங்கும் சதை. உள்ளே பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது, கடைக்கு எதிரே நின்று கேட்டால் கண்டிப்பாக முடியாது. ஸ்பிரே அடித்துக்கொண்டிருக்கும்போது எடுக்கும் ஸ்கேனில் சதை உப்பலாகத்தான் தெரியும். முதலில் ஸ்பிரேயை விடுங்கள், சில வாரம் கழித்தும் அடைப்பு அப்படியே இருந்தால் அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். நடுத்தண்டு கொஞ்சம் வளைந்திருப்பது பலருக்கும் உண்டு, அவர்களில் நிறையப் பேருக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

சளி போன பிறகும் நீங்கள் ஏன் ஸ்பிரேயைத் தேடினீர்கள் என்று யோசித்தேன். காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல், கண் அரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இது அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளம் நின்ற சுவரில் அடிப்பகுதி இன்னும் பொரிந்து கறுப்பாக இருக்கிறது என்கிறீர்கள், அது பூஞ்சை. இந்த ஐப்பசி கார்த்திகை மழையில் அது மேலே ஏறும். கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், வெயில் காயும் நாளில் சன்னலைத் திறந்து வையுங்கள், மழை விட்டதும் அந்தக் காரையைக் கொத்திப் பூசச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்களும் பையனும் அங்கே இருக்க வேண்டாம். தலையணை உறை, போர்வையை வாரம் ஒரு தடவை சுடுதண்ணீரில் துவையுங்கள். கடையில் புதுத்துணிக் கட்டு பிரிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், காலையில் சாம்பிராணி போடும் நேரத்தில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இதையெல்லாம் முதலாளியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டர் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாமியாருக்கு

ரத்தக் குழாயை இறுக்கும் மருந்து பிரஷர் உள்ளவருக்கு நல்லதில்லை. மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தத்தில் கலக்கத்தான் செய்கிறது, படபடப்பும் பிரஷர் ஏறுவதும் வரலாம். இதய நோய், தைராய்டு அதிகம் சுரப்பது, கண் அழுத்தம், இவை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஃபினைல்எஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரையும் கூடச் சேர்ந்தால் ஒரே வேலையை இரண்டு மருந்து செய்யும். மாமியாரின் பிரஷரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அவரும் மாதக்கணக்கில் அடிக்கிறார் என்றால் உங்களோடு அவரையும் அழைத்துப் போங்கள்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இதைப் பார்ப்பார்கள், வேலை நாளில் புதுச்சேரியில்தான் இருப்பீர்கள் என்றால் ஜிப்மருக்கும் போகலாம். ஆனால் ஒரே பக்கம் மட்டும் அடைத்து அடிக்கடி ரத்தம் வந்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சலோடு முகத்தில் கடும் வலி இருந்தாலோ நாள் பார்க்காமல் அன்றே போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

போகும்போது மூன்று பாட்டில்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், பீரோவில் இருப்பதையும் சேர்த்து. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அதுவரைக்கும் தலையணைக்கு அடியில் இருப்பதை இன்றைக்கே எடுத்து, பையனுக்கு எட்டாத பரணிலோ பூட்டிய அலமாரியிலோ வையுங்கள். ஒரு பக்க மூக்கு திறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.